அறுபத்திரண்டு டிகிரிக் கஞ்சி

சேலையூரில் எங்கள் எதிர் வீட்டுப் பரிதாவுக்கு எதையும் அரைவேக்காடாக விட்டால் பொறுக்காது. பாலைக்கூட மூன்று முறை பொங்க விடுவாள். அந்தப் பழக்கம்தான் அன்று அவள் கணவர் ஹனீஃபாவின் உயிரோடு விளையாடியது.

ஹனீஃபா ஏசி மெக்கானிக். பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயிற்று. விழுங்க முடியாததால் மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. கஞ்சி கெட்டியானால் குழாய் அடைக்கும். தண்ணீராக்கினால் உடம்பில் ஒட்டாது. ஒன்றரை மாதத்தில் எட்டு கிலோ இறங்கிவிட்டார். குழாய் ஏற்கெனவே இரண்டு முறை அடைத்து, மாற்றும்போது ரத்தம் வந்தது. மூன்றாவது முறை அடைத்தால் வயிற்றில் துளை போட்டுத்தான் குழாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து மனுஷன் கண்ணில் பயம் போகவே இல்லை. இனி எதற்கு என்று அவருடைய டூல்ஸ் பையை, அவரோடு வேலை பார்த்த ஜாய்சனுக்குக் கொடுத்துவிட, அவருக்குத் தெரியாமல் பரிதா பேசியிருந்தாள். அன்று சாயங்காலம் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் ஜெரூஷா ஒரு வழி சொல்லியிருந்தாள். அரிசி மாவை நிறையப் போட்டுக் கஞ்சி காய்ச்சி இறக்கி, அறுபது டிகிரி பக்கம் வந்ததும் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் கலக்க வேண்டும். அதிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு, ஆற்றி, வடிகட்டிக் கொடுக்கலாம்.

கேட்டாளா இவள்? பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாதென்று கொதிக்கிற கஞ்சியிலேயே போட்டாள். வெந்து செத்த நொதி எங்கே வேலை செய்யும்? கஞ்சி களியாயிற்று. நான் சத்தம் போட்டேன். ரோஷத்தில் அடுத்ததை நன்றாக ஆறவிட்டுப் போட்டாள். ஆறின கஞ்சியில் நொதிக்குச் சுறுசுறுப்பு வரவில்லை; கால் மணி கழித்தும் நட்ட கரண்டி நட்டபடி நின்றது. மணி இரண்டு. காலையிலிருந்து அவர் வயிற்றில் ஒன்றுமில்லை. இரண்டு மாவும் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தன.

"இதையே தண்ணி ஊத்திக் குடுத்துடறேன் அக்கா. அடைச்சா அடைக்கட்டும்," என்று சிரிஞ்சை எடுத்தாள். அறைந்துவிடலாம் போல எனக்குக் கோபம். அதைவிட அழுகை.

கட்டில் கம்பியில் டக் டக் என்று சத்தம். ஹனீஃபா இடக்கையால் தட்டி, அலமாரி மேலிருந்த டூல்ஸ் பையைக் காட்டினார். பரிதா முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். ஸ்பேனருக்குத் தலையாட்டி மறுத்தார். ஸ்க்ரூடிரைவரையும் வேண்டாமென்றார். ஏசி காற்றின் குளிரை அளக்கிற, முனையில் கம்பி வைத்த தெர்மாமீட்டர் வந்ததும் கையை நீட்டினார். அட கடவுளே, அது இத்தனை நாளும் எங்கள் தலைக்கு மேலேயே கிடந்திருக்கிறது.

கம்பியை வெந்நீரில் கழுவினோம். கடைசி மாவில் காய்ச்சிய கஞ்சியைக் கட்டிலருகே வைத்தோம். மீட்டரை அவரே பிடித்துக்கொண்டார். எண்பத்தெட்டு. எழுபத்தொன்பது. பரிதா ஸ்பூனைத் தூக்கினாள், முறைத்தார். எழுபது. அறுபத்தைந்து. அறுபத்திரண்டில் தலையசைத்தார்.

போட்டுக் கிளறி மூடினாள். ஐந்தாவது நிமிடம் கரண்டி சாய்ந்தது. பத்தாவது நிமிடம் கஞ்சி பாலாக ஒழுகியது. மறுபடி கொதிக்கவிட்டும் கெட்டியாகவில்லை. ஆற்றி, வடிகட்டி ஊற்றினாள். ஒரு இடத்தில்கூடத் தங்காமல் குழாயில் இறங்கியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பரிதா அங்கேயே உட்கார்ந்து, அவர் காதுபடவே போன் போட்டாள்.

"ஜாய்சா, பையை எடுக்க வர வேணாம்ப்பா. அண்ணனுக்கு நாளைக்கும் வேலை இருக்கு."