நெஞ்சில் ஒரு பேப்பர்

விருத்தாசலம் கடைத்தெருவில் என் மகள் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக் காட்டினாள். துணி முழுக்கச் செய்தித்தாள் எழுத்துகள். நடுவில் தாடி பறக்க பைக் ஓட்டும் ஒருவன். "ரைடருங்க போடுறதுப்பா" என்றாள். புதுத்துணியின் மை வாசனை மூக்கில் ஏறியது.

நான் சிறுவனாக இருந்தபோது, மார்கழிக் காலையில் அப்பா வைக்கோல் சுற்றிய பீங்கான் பியூஸ் கட்டைகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்கு விற்கப் போவார். குளிர்காற்று தாக்காமலிருக்க, முந்தைய நாள் பேப்பரை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொள்வார். பனியில் நனைந்து திரும்பினால், பனியனில் தலைப்புச் செய்திகள் இடவலம் மாறி ஒட்டியிருக்கும்.

"பேப்பரு படிக்கவா வாங்குறீங்க, எனக்கு வேலை வெக்கவா?" என்று அம்மா சோப்பை அழுத்தித் தேய்ப்பாள். கறை போனதே இல்லை.

அந்தக் கறையைத்தான் இப்போது அச்சடித்து, தாடிக்காரனையும் சேர்த்து விற்கிறார்கள். சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் ஒன்று வாங்கினேன்.

வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு அப்பா கண்ணாடி முன் நின்றார். "சூப்பரா இருக்குது தாத்தா, நீங்கதான் ரைடரு" என்றாள் என் மகள்.

அவர் துணியை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார்.

"மெல்லிசா இருக்குதும்மா. வண்டியில போவணும்னா உள்ள ஒரு பேப்பரு வெச்சுக்கணும்."