மீட்டர் மாமாவின் சமையல் ஞானம்

என் அக்கா புருஷனை நேரில் மாமா என்பேன். முதுகுக்குப் பின்னால் மீட்டர். முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் எண் பார்த்து எழுதிய மனிதர். எழுதுகிற சாக்கில் ஒவ்வொரு வீட்டு அடுப்படியையும் மோப்பம் பிடிப்பார். "மூணாம் நம்பர் வீட்டுல இன்னைக்கும் எண்ணெயில பொரியுது. அந்த ஆளு தாங்க மாட்டான்" என்று வந்து சொல்வார். அந்த ஆள் இன்றுவரை குத்துக்கல் மாதிரி இருக்கிறான்.

ஓய்வு பெற்றதும் மீட்டருக்கு வேறு வேலை இல்லை. ஊரில் இருக்கிற சத்துணவுப் புத்தகமெல்லாம் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு வெப்பமானியும் வந்தது. அக்கா கீரையைக் கிளறினால் பின்னாலேயே நின்று அதைச் சட்டிக்குள் விடுவார். "கொதிச்சா சத்து செத்துடும்" என்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, இவர் அந்த ஏட்டைத் தூக்கி அடுப்படிக்கே கொண்டுவந்துவிட்டார். ஒரு வெங்காயம் உரித்ததில்லை, ஒரு பாத்திரம் கழுவியதில்லை. வாய் மட்டும் வக்கணையாகப் பேசும்.

என் அக்கா அப்படியில்லை. பூசணியும் பயறும் கீரையும் அவள் கையில் பட்டால் கறி தின்கிறவனும் இன்னொரு கரண்டி கேட்பான். நான் துணி வெட்டும் தையல்கூடத்தில் முப்பத்திரண்டு பேர். மதியச் சாப்பாட்டுக்கு ஆள் தேடிய முதலாளியம்மாவிடம் அக்காவைச் சொன்னது நான்தான். "துணியில எண்ணெய் படக்கூடாது. சத்தா, சைவமா இருக்கணும். ஒரு மாசம் பார்க்கறேன். பிடிச்சா அடுத்த கட்டடத்துக்கும் நீங்கதான்" என்றார் அவர். ஐம்பத்திரண்டு வயதில் அக்காவுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை அது. அந்த மாதம் முழுக்க அவள் நடந்த நடையே வேறு.

மாதத்தின் கடைசி நாள், சிவப்பு ராஜ்மாவை வேகவைத்து வெள்ளரி, வெங்காயம், எலுமிச்சை சேர்த்துக் கலவையாகத் தருவதாக ஏற்பாடு. முந்தின நாளே பயறை ஊறப் போட்டிருந்தாள். விடிகாலையில் அவள் எழுமுன் மீட்டர் எழுந்து, பானையை அடுப்பில் வைத்து, தீயைப் பொட்டளவுக்குக் குறைத்து, வெப்பமானியோடு காவல் உட்கார்ந்திருக்கிறார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து செய்யாத உதவி!

அக்கா வந்து ஒரு பயறை நசுக்கிப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. ஆனாலும் கேட்டாள். "என்னங்க, நல்லா கொதிச்சுதா?"

"தளதளன்னு கொதிச்சுது. நீ போய் வெள்ளரியை நறுக்கு."

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகவில்லை. முதலில் பொத்தான் தைக்கிறவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பின்னால் நான். பிறகு கழிப்பறை வாசலில் வரிசை. குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. தெருமுனை டாக்டரம்மாவை அழைத்து வந்தார்கள். அக்காவையும் வரச்சொன்னார்கள். அழைக்காமலேயே மீட்டரும் வந்தார்.

"பயப்படாதீங்க. உடம்புல இருக்கற அழுக்கு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார். வாந்தி எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஆளின் சட்டையிலேயே எடுக்கலாமா என்று தோன்றியது.

டாக்டரம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பயறை நல்லா கொதிக்க வைக்கணும், பத்து நிமிஷமாவது. இளஞ்சூட்டுல வச்சா மெத்துன்னு ஆகும், விஷம் போகாது. இது கொதிச்சுதா இல்லையா?"

அக்கா புருஷனைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"அடுப்படி அவ பொறுப்பு" என்றார் மீட்டர். "நான் அதுலல்லாம் தலையிடறதே இல்ல."

தூ! இவனெல்லாம் ஒரு மனுஷன்.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா என் கையை அழுத்தினாள். "நான்தான் சமைச்சேன்மா. நான் பார்த்திருக்கணும்" என்றாள். முதலாளியம்மா கெட்டவர் இல்லை. ஆனாலும் முப்பத்திரண்டு பேர் சுருண்டு கிடக்கையில் அவர் என்ன செய்வார்? "நாளையிலேர்ந்து வேண்டாம்மா" என்றார். அக்கா ஒவ்வொருத்தியிடமாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். மீட்டர் வாசலில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் மூன்று பேரும் நடந்தோம். காலிப் பாத்திரமெல்லாம் அக்கா கையில்.

"ஏன்க்கா பழியை உன் தலையில போட்டுக்கிட்டே?"

"பின்னே? இப்படி ஒரு ஆளோடதான் குடும்பம் நடத்தறேன்னு முப்பத்திரண்டு பேர் முன்னாடி சொல்லவா? எனக்கு வெட்கமா இருந்துச்சுடி."

என் வீட்டுத் தெரு வந்தது. அக்கா பாத்திரங்களை அவர் காலடியில் இறக்கி வைத்துவிட்டு என்னோடு திரும்பினாள். மீட்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இந்தா, எங்க போற? அப்போ எனக்கு ராத்திரிக்கு என்ன?"

அக்கா நின்றாள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.