நடு சீட்டுக்கு இரண்டு மதிப்பெண்

கல்லூரியில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்தும் வரலாற்றுப் பேராசிரியை நான்.

இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே இருக்கும் சிறிய நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்று தேர்வில் கேட்டிருந்தேன். 'பாதுகாப்பு' என்பது புத்தக விடை. ஒரு மாணவி 'இரண்டு பக்கமும் இடி' என்று எழுதியிருந்தாள். இன்று காலை இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

மாலை திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால், உள்ளே இரண்டு பெண்கள் இடத்துக்குச் சண்டை.

டிரைவர் திரும்பினார். "மேடம், நீங்க நடுவுல குந்துங்க. சண்ட ஓஞ்சிடும்."

ஓயவில்லை. ஒருத்தியின் கூடை என் மடியில், இன்னொருத்தியின் முழங்கை என் விலாவில். "நீயே நாயத்த சொல்லு மேடம்!" என்று இருவருமே என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

பூந்தமல்லியில் இறங்கியதும் பையிலிருந்த அவள் விடைத்தாளை எடுத்து, அந்த இரண்டு மதிப்பெண்ணையும் போட்டுவிட்டேன்.

புத்தகம் எழுதியவர்கள் எல்லோரும் ஓரத்து சீட்டிலேயே போனவர்களா, என்ன?