இடது பக்கச் சீட்டின் எடை

ராய் டன்னிக்ளிஃப் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக உங்களுக்கு அப்படித் தோன்றாது. லீக் ஊர்ச் சாயப் பட்டறையில் முப்பது வருஷமாக ஃபிட்டர். குடிப்பான், அளவோடு. பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தான் சொன்ன இரண்டு மூன்று பொய்யிலும் வசமாக மாட்டிக்கொண்டான்.

ஐம்பது வயதில் அவனுக்கு ஒரு ஆசை வந்தது. சொந்தக் கையால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதி வீட்டு ஷெட்டுகளில் ஏதாவது ஒரு கார் அரைகுறையாகக் கிடக்கும், அதன்மேல் துணி காயும். கம்பெனிக்காரன் சேசிஸையும் தகடுகளையும் பெட்டி பெட்டியாக அனுப்புவான். என்ஜினை ஒரு பழைய காரிலிருந்து நாமே உருவிக்கொள்ள வேண்டும். மிச்சமெல்லாம் நம் கை, நம் விரல் நசுங்கல்.

எந்த மாடல் வாங்குவது என்று பார்க்க, இப்படிப் பெட்டியில் வருகிற ‘கிட் கார்’களின் கண்காட்சிக்கு மனைவி டோரினோடு போனான். கூரையும் வளைவும் பளபளப்புமாக நின்ற ஒரு ஃபைபர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான் ராய். திரும்பிப் பார்த்தால் டோரினைக் காணோம். நாலு கடை தள்ளி ஒரு எலும்புக்கூட்டுக்குள் காலைத் தூக்கிப் போட்டு, இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடு, முன்னால் ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் அந்தக் கார்.

“என்ன டோரின் இது, குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கு.”

“கூரை இல்ல, கதவு இல்ல. வண்டி கிளம்பிட்டா நீ என்ன பேசினாலும் எனக்குக் கேக்காது. இதையே வாங்கு, வாத்தே.”

எங்கள் ஊரில் யாரும் யாரையும் செல்லமாக ‘வாத்தே’ என்று கூப்பிடலாம். பஸ் டிரைவர் கூப்பிடுவார், பல் டாக்டர் கூப்பிடுவார். ஆனால் டோரின் கூப்பிடுவதில் கொஞ்சம் கூடுதலாக ஏதோ இருக்கும். அது ராய்க்கு நன்றாகத் தெரியும்.

“முடிஞ்சதும் முதல்ல பக்ஸ்டன் போறோம், மேட்டு ரோடு வழியா,” என்றாள் அவள். “நான் இந்தச் சீட்டுல. அங்க போய் ஐஸ்கிரீம்.”

“மழை பெய்யும்.”

“பெய்யட்டும்.”

அரைமணி நேரம் அந்தச் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆக, காரைத் தேர்ந்தெடுத்தது அவள். இதை மறந்துவிடாதீர்கள். ராய் மறந்துவிட்டான்.

கட்டி முடிக்க நாலு வருஷம். டோரின் ஓட்ஸ் ரொட்டிக் கடையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவள். மாதத்தில் மூன்று ஞாயிறு அவளுக்கு விடுமுறை. அந்த மூன்றும் ஷெட்டுக்கே போயின. இடது பக்கத் தகடு முழுக்க ரிவெட் அடித்தது அவள்தான். ராய் அடித்த வலது பக்கத்தைவிட வரிசை நேராக இருக்கும். அவன் அதை ஒப்புக்கொள்ள மாட்டான், ஆனால் யாராவது ஷெட்டுக்கு வந்தால் முதலில் இடது பக்கத்தைத்தான் காட்டுவான்.

பிரேக் குழாயில் ஏர் எடுக்கிற வேலை இருக்கிறதே, அதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் வண்டிக்கடியில் படுத்து நட்டைத் திறக்க வேண்டும், இன்னொருவர் மேலே பெடலை மிதிக்க வேண்டும். அப்போது சீட்டே மாட்டவில்லை. ஜனவரி மாதக் குளிரில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின்மேல் உட்கார்ந்து டோரின் மிதித்தாள்.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“பிடி. பிடி. விடு.”

இப்படி இரண்டு மணி நேரம். கடைசியில் கால் மரத்துப்போய், ராய்தான் அவளைத் தூக்கி இறக்கினான். “என் முதல் சவாரியை நான் சம்பாதிச்சுட்டேன்,” என்றாள்.

அது சும்மா சொன்ன பேச்சில்லை. கார் கட்டுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் கிளப்பின் வழக்கம் அது. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாகக் கட்டிய வண்டியை ‘கறுப்புக் கிடா’ மதுக்கடையின் முற்றத்துக்குக் கொண்டுவந்து, நாலு சக்கரத்துக்கும் நாலு தராசு வைத்து எடை போடுவோம். எடையைக் கடைக்குள்ளிருக்கும் கரும்பலகையில் எழுதுவோம். உடனே கிளப் செயலாளர் ஆர்னால்ட் மெல்லர், “மிதிச்சது யாரு?” என்று குரல் கொடுப்பார். பிரேக்குக்கு மிதித்தவர் யாரோ, அவருக்குத்தான் இடது சீட்டில் முதல் சவாரி. மனைவிகள் வந்திருக்கிறார்கள், மச்சான்கள் வந்திருக்கிறார்கள், ஒரு தடவை பாதிரியாரே அங்கியோடு ஏறிப் போயிருக்கிறார்.

பாழாய்ப்போன அந்த எடைதான் ராயின் புத்தியைக் கெடுத்தது. வண்டி எவ்வளவு இலேசோ அவ்வளவு பெருமை; எங்கள் கிளப்பில் ஐந்நூறு கிலோவுக்குக் கீழே யாரும் வந்ததில்லை. நெவில் சால்ட் ஐந்நூற்று மூன்றில் நின்று ஆறு வருஷமாக அதையே பேசிக்கொண்டிருந்தான்.

“ராய், உன் வண்டியில பாதி கனம் உன் பேச்சுதான். எடை போடுற அன்னிக்கு அதை வீட்ல விட்டுட்டு வா,” என்பான்.

ராய் டிரில்லை எடுத்தான். பெடலில் ஓட்டை, பிராக்கெட்டில் ஓட்டை, சீட்டைத் தாங்கும் பட்டையில் வரிசையாக ஓட்டை. கம்பளத்தைப் பிய்த்தெறிந்தான். பெயின்டைக்கூட ஒரே பூச்சோடு நிறுத்திவிட்டான்.

“சல்லடை வேணும்னா எங்க கடையிலயே இருக்கு, வாத்தே. இதை ஏன் இந்தப் பாடு படுத்துறே?” என்றாள் டோரின்.

தராசை இரவல் வாங்கித் தனியாக எடை போட்டுப் பார்த்தான். ஐந்நூற்றுப் பதினொன்று. கிளப்பில் எடை போட இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. கழற்ற இனி எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் அவன் கண் இடது பக்கம் போயிற்று. சீட்டு, பெல்ட்டு, இரும்புப் பட்டை, அந்தப் பக்கத்துக் கண்ணாடி. எல்லாம் சேர்ந்து பதின்மூன்று கிலோ.

கழற்றினான். ‘எடை போட்டதும் மறுபடி மாட்டிவிடலாம்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சீட்டு இருந்த பள்ளத்தின்மேல் ஒரு அலுமினியத் தகட்டை வைத்து மூடினான். சீட்டைப் பரணில், கிறிஸ்துமஸ் மரப் பெட்டிக்குப் பின்னால், பழைய போர்வை போட்டு மறைத்தான். நல்லவன் செய்கிற காரியமா இது?

டோரின் கேட்டாள். “சீட்டு எங்கே?”

“உறை தைக்கக் குடுத்திருக்கேன்.”

“என்கிட்ட சொல்லியிருந்தா நானே தெச்சிருப்பேனே.”

“உனக்கு எதுக்குச் சிரமம்.”

நாலு வருஷம் சிரமப்பட்டவளிடம் இப்படிச் சொன்னான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவன் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

ரோட்டில் ஓட்ட வேண்டுமென்றால் முதலில் அரசாங்கச் சோதனையில் தேற வேண்டும். மறுவாரம் வண்டியைக் கொண்டுபோனான். சோதனைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தகட்டைத் தட்டினார். “இது ஒரு சீட்டா, ரெண்டு சீட்டா? ரெண்டுன்னா பெல்ட்டோட மறுபடி கொண்டுவரணும். ஒரு மாசத்துக்கு மேல ஆகும்.”

ஒரு மாதம் ஆனால் இந்த வருஷத்து எடை போய்விடும்.

“ஒண்ணு,” என்றான் ராய்.

தபாலில் வந்த பதிவுச் சான்றிதழில் இருக்கைகள் என்ற இடத்தில் ஒன்று என்று அச்சடித்திருந்தது. அதை நாலாக மடித்து ஆணி டப்பாவின் அடியில் வைத்தான்.

எடை போடும் ஞாயிறு, டோரினுக்குக் கடைக்குப் போக வேண்டிய ஞாயிறாக அமைந்தது. அதோடு விட்டானா? எடை அடுத்த ஞாயிறு என்று அவளிடம் தேதியை மாற்றிச் சொன்னான். அவள் ரொட்டிக் கடைக்குப் போனதும் வண்டியைக் கிளப்பினான்.

நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. மெல்லர் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். முற்றமே கைதட்டியது.

“போடா பாவி, ஜெயிச்சுட்டே,” என்று நெவில் கையைப் பிடித்துக் குலுக்கினான். அரை கிளாஸ் பீர் இறங்குகிற நேரம் ராய் சந்தோஷமாக இருந்தான்.

அப்போது நெவிலின் மனைவி ஐரிஸின் கார் முற்றத்துக்குள் வந்தது. அதிலிருந்து டோரின் இறங்கினாள். தலையில் புது மஞ்சள் ஸ்கார்ஃப். கையில், காற்றுக்குக் கண்ணில் மாட்டுகிற காற்றுக் கண்ணாடி. ஐரிஸ் காலையில் ரொட்டி வாங்கப் போன இடத்தில் பேச்சு வந்திருக்கிறது.

“நீ தேதியை மாத்தி நினைச்சுட்டே பாரு, வாத்தே,” என்றாள் மூச்சு வாங்க. “ஐரிஸ் சொல்லலைன்னா தெரிஞ்சே இருக்காது. முதலாளிகிட்ட கெஞ்சிட்டு ஓடி வரேன்.”

அவன் மறந்துவிட்டான் என்றே அவள் நம்பினாள். அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

“மிதிச்சது யாரு?” என்றார் மெல்லர்.

டோரின் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். எல்லோரும் வழிவிட்டார்கள். ஸ்கார்ஃப் முடிச்சை இறுக்கிக்கொண்டே இடது பக்கம் போனாள். தகட்டைப் பார்த்தாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“தைக்கக் குடுத்தது இன்னும் வரலையா?”

கிளப் பதிவேட்டில் எழுத வாங்கிய சான்றிதழ் மெல்லரின் கையில் இருந்தது. அந்த மனுஷருக்கு ஒன்றும் தெரியாது. “இது ஒரு சீட்டு வண்டிம்மா. பேப்பர்லயே அப்படித்தான் பதிஞ்சிருக்கு,” என்று நீட்டினார்.

டோரின் வாங்கிப் படித்தாள், தேதி உட்பட; உறை தைக்கக் கொடுத்ததாக அவன் சொன்னதற்கு அப்புறம் போட்ட தேதி. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“என் எடையையும் சேர்த்துல்ல குறைச்சிருக்கே, ராய்.”

வாத்தே இல்லை. ராய். முப்பது வருஷத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் ஒரு தடவைதான். நெவில்கூடக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

“போர்டுல அதை அழிச்சிடுங்க,” என்றான் ராய் மெல்லரிடம்.

“தராசு காட்டினதை எழுதினேன். தராசு பொய் சொல்லலையே,” என்றார் அவர்.

ஐரிஸ் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு டோரின் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, ரோட்டுக்குப் போய் பஸ் ஏறினாள். ராய் பின்னாலேயே ஓட்டினான். ஐந்நூறு கிலோகூட இல்லாத வண்டி, மிதித்தால் பறக்கும். முந்திப் போக அவனுக்கு மனசு வரவில்லை. பதினொரு மைல், தூறலில், நனைந்துகொண்டே பஸ்ஸின் பின்னால் ஊர்ந்தான். பின் ஜன்னலில் மஞ்சள் ஸ்கார்ஃப் தெரிந்தது. அது ஒரு தடவையும் திரும்பவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பரண், போர்வை, சோதனைக்காரர், ஒன்று என்று சொன்னது. “சீட்டை இறக்கி மாட்டிடறேன். மறுபடி சோதனைக்கு எழுதிப் போடறேன், ரெண்டு சீட்டுன்னு. மூணு மாசம் ஆகும், அவ்வளவுதான்.”

“சரி, ராய்,” என்றாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. சண்டை போட்டிருந்தால் அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும். வாரம் முழுக்க அந்த ‘சரி, ராய்’தான். எழுதிப் போட்டிருக்கேன் என்றாலும் சரி, ராய். டீ வேணுமா என்றாலும் சரி, ராய்.

அடுத்த ஞாயிறு காலையில் பரணிலிருந்து சீட்டை இறக்கி, தூசி துடைத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். கதவு திறந்திருந்தது. டிரைவர் சீட்டில் டோரின், ஸ்கார்ஃபும் காற்றுக் கண்ணாடியுமாக. அவளுக்குக் கால் எட்டாதே என்று குனிந்து பார்த்தான். டிரைவர் சீட்டு இரண்டு ஓட்டை முன்னால் தள்ளி மாட்டியிருந்தது.

“நீ கனம் குறைக்கப் போட்ட ஓட்டைதான். உபயோகமா இருந்துது,” என்றாள். “இன்ஷூரன்ஸ்ல என் பேரைச் சேர்த்தாச்சு.”

“கொஞ்சம் பொறு டோரின், இதை மாட்டிடறேன். அப்புறம் நாம...”

“ஒரு சீட்டுன்னு எழுதி வாங்கினது நீ. நான் ஒருத்திதான் போறேன்.”

என்ஜின் போட்ட சத்தத்தில் அவன் அப்புறம் சொன்னது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. வண்டி தெருக்கோடியில் திரும்பி மேட்டு ரோட்டைப் பார்த்துப் போயிற்று. ராய் சீட்டை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நாயோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னார், சீட்டையும் பார்த்தார். இவனும் சீட்டைத் தூக்கிக்கொண்டே பதில் வணக்கம் சொன்னான்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். ஸ்கார்ஃபில் ஐஸ்கிரீம் கறை. பக்ஸ்டன் எப்படி இருந்தது என்று கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும். டீ போட்டுக் கொடுத்தான்.

அடுத்த மாதக் கிளப் கூட்டத்துக்கு டோரின் காரில் கிளம்பினாள். ராய் பஸ்ஸில் போனான். செடல்டன் ஏற்றத்தில் பஸ் திணறும்போது, பின்னாலிருந்து வந்த அந்தச் சின்னக் கார் சீறிக்கொண்டு முந்திப் போயிற்று. மஞ்சள் ஸ்கார்ஃப் ஒரு நொடி ஜன்னலோரம் மின்னி மறைந்தது. பக்கத்தில் மளிகைப் பையோடு இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“பாத்தீங்களா அந்த வண்டியை? ஒரே ஒரு சீட்டு. யாருமில்லாத பொம்பளை போலிருக்கு, பாவம், வாத்தே.”

“புருஷன் இருக்கான்,” என்றான் ராய்.

“அப்ப அவன் எங்கே?”

ராய் தன் கையைப் பார்த்தான்.

“பஸ்ல வரான்.”