கேட்டில் ஒட்டிய சிப்பி நைட்டி

அந்த நைட்டியைக் கண்டுபிடித்தது யார்? இந்தக் கேள்வியை ஒரு தொலைக்காட்சி அரங்கில், அத்தனை விளக்குகளுக்கு நடுவில், என்னைப் பார்த்துக் கேட்டார்கள். மூன்று வாரமாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

தூத்துக்குடியில் ஒரு நைட்டி யூனிட்டில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். பி.காம். படித்திருக்கிறேன். பில் போடுவது, துணி லாட் வந்தால் சரிபார்ப்பது, முதலாளிக்கு வரும் கடிதங்களுக்கு நல்ல தமிழிலும் சுமாரான ஆங்கிலத்திலும் பதில் எழுதுவது என் பொறுப்பு. புதிதாக வேலைக்குப் போகும் பெண்களுக்கு உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். உதவுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1. முதலாளி

எங்கள் முதலாளி சேவியர் அண்ணாச்சியைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. பாதிப் பேர் அவரை விஞ்ஞானி என்பார்கள். மீதிப் பேர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் மிதக்கும் லுங்கி. கடலில் தவறி விழுந்தவரை மிதக்க வைப்பதற்காக, அடிக்கரை முழுக்க தெர்மாகோல் வைத்துத் தைத்த லுங்கி அது. தருவைகுளம் கடற்கரையில் ஆள் வைத்துச் செய்துகாட்டினார். நெஞ்சளவுத் தண்ணீர்தான். லுங்கி நன்றாகவே மிதந்தது. அதைக் கட்டியிருந்தவரின் கால்களும் மிதந்தன. தலை மட்டும் உள்ளே இருந்தது. நாலு பேர் பாய்ந்து அவரைத் திருப்பி நிறுத்தினார்கள். அந்த வீடியோ வராத போன் எங்கள் ஊரில் இல்லை.

“லுங்கி பாஸ்லா ஆயிட்டு. ஆளுதான் பெயிலு,” என்றார் அண்ணாச்சி.

2. ஊக்கு

எங்கள் பக்கம் நைட்டி வீட்டு உடை. ஆனால் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் அது வெளி உடையாகிவிடும். பால் வாங்க, ரொட்டிக் கடைக்கு, குப்பை வண்டிக்கு, எல்லாவற்றுக்கும் அப்படியே போகலாம். துண்டில்லாமல் போனால்தான் தெரு பேசும்.

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். இடுப்பில் வைத்தால் முதல் வேலையாக என் துண்டை உருவிக் கீழே போடுவாள். ஒருநாள் காலை, இரண்டு தோளிலும் துண்டை நைட்டியோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனேன். எதிரே அண்ணாச்சி ஸ்கூட்டரை நிறுத்தினார்.

“பிள்ள, அப்படியே நில்லு. அசையாத.”

என் மேல் பல்லி விழுந்துவிட்டது என்று நினைத்துக் கத்திவிட்டேன். அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஊக்கைப் பார்த்தார். “சரி, போ,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கட்டிங் மேசையில் ஒரு நைட்டி கிடந்தது. கழுத்துப்பட்டிக்குள் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு நாடாவை இழுத்தால் இரண்டு தோளிலும் விரிந்து இறங்கி, டிச் பட்டனில் நின்றது.

“சிப்பி நைட்டி. சிப்பி தொறக்க மாதிரி தொறக்குல்லா? பேட்டன்ட் போடுதோம்,” என்றார்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர் யார் என்று கேட்டிருந்த இடத்தில் அவர் பெயரைச் சொன்னார். என் விரல் கொஞ்சம் நின்றது. ஊக்குக்கெல்லாம் பெருமை கேட்பது அகங்காரமோ என்று தோன்றியது. அவர் பெயரையே டைப் அடித்துவிட்டேன்.

பேட்டன்ட் ஏஜென்ட் போனில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இதே ஏற்பாட்டை ஏற்கெனவே யாராவது வெளியில் போட்டு நடந்திருந்தால் பேட்டன்ட் கிடைக்காது.

“அப்படி யாரும் போடலியே,” என்றார் அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டே. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

3. காந்தம்

எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு டிச் பட்டன் தாங்கவில்லை. இரண்டே வாரத்தில் வெளிர்நிற பீஸ் எல்லாவற்றிலும் தோளில் பழுப்புக் கறை. அதனால் அண்ணாச்சி பட்டனை எடுத்துவிட்டுத் துணிக்குள் சின்னச் சின்னக் காந்தம் வைத்தார். நைட்டியைப் போட்டுக்கொண்டு யூனிட்டின் மரக்கதவில் சாய்ந்து சாய்ந்து முப்பது தடவை சோதித்தோம். “திருப்தி” என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலீட்டாளர்கள் முன்னால் தொழிலை விளக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது, நைட்டியைப் போட்டுக்காட்ட ஆள் தேவைப்பட்டது. எங்கள் டெய்லர் அக்காமார் பன்னிரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள்.

“கிரேஸ் போகட்டும். டீச்சர் மகள்லா, தைரியமா நிக்கும்,” என்றார்கள். என்னைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நானும் மறுத்திருப்பேன். ஆனால் அண்ணாச்சி என்னைத் தனியாக அழைத்து, இந்த முதலீடு வராவிட்டால் யூனிட்டை மூடுவதுதான் வழி என்றார். பன்னிரண்டு பேருக்கும் அது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அன்றிலிருந்து அவர்கள் தரும் டீயைக்கூட என்னால் நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை.

4. அரங்கு

சென்னைக்கு என் மாமியாரும் வந்தார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள. அரங்கில் வீட்டு வாசல் மாதிரி ஒரு செட் போட்டிருந்தார்கள். நிஜமாக இருக்கட்டும் என்று இரும்புக் கேட்டே வைத்திருந்தார்கள். நல்ல கேட் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

மணி அடித்தது. நாடாவை இழுத்தேன். துண்டு அழகாக விரிந்தது. முதலீட்டாளர்கள் மூன்று பேர், இரண்டு சாரும் ஒரு மேடமும், கைதட்டினார்கள். பால் பாக்கெட் வாங்குவதுபோல் கேட்டின் மேல் சாய்ந்தேன்.

டக். டக். டக். டக்.

நான்கு காந்தமும் கேட்டைப் பிடித்துக்கொண்டன. பின்னால் நகர்ந்தேன். கேட்டும் என்னோடு வந்தது. முன்னால் போனேன். அதுவும் போனது.

அண்ணாச்சி கொஞ்சமும் கலங்கவில்லை. “இது சேப்டி மேடம். திருடன் இழுத்தாலும் பொம்பளப் பிள்ள வீட்ட விட்டு நகராது.”

மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “இந்த ஐடியா யாருக்கு வந்துச்சு?”

“எனக்குத்தான் மேடம். கடக்கரையில செபம் பண்ணிட்டு இருந்தேன். கண்ணு முன்னால ஒரு சிப்பி தொறந்துச்சு.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “சிப்பி இருக்கட்டும். நீங்க சொல்லுங்கம்மா, இதைக் கண்டுபிடிச்சது யாரு?”

நான் என்று சொன்னால் அண்ணாச்சி பொய்யராகிவிடுவார், யூனிட் போய்விடும். அவர் என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன். கேமரா சிவப்பு விளக்கோடு காத்திருந்தது.

“மேடம், மொதல்ல என்னக் கேட்டுலருந்து எடுத்து விடுங்க,” என்றேன்.

அப்போது செட்டுக்குப் பின்னாலிருந்து என் மாமியாரின் குரல் வந்தது. “ஏளா, வாயத் தொறந்து சொல்லேன்! ஊக்கு குத்திவிட்டது எங்க அத்தைன்னு சொல்லு!”

உண்மைதான். கையில் குழந்தை இருந்ததால் அன்றைக்கு எனக்கு ஊக்கு குத்திவிட்டது அவர்கள்தான். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

5. படிவம்

இரண்டு சாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். மேடம் மட்டும் முதலீடு செய்வதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. கண்டுபிடிப்பாளர் பெயரைத் திருத்தி, அந்த ஆள் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு வர வேண்டும்.

திரும்பும் ரயிலில் அண்ணாச்சி இறங்கி வந்தார். “மூணு பேரு பேரயும் போட்டுருவோம்.”

“ஒங்க பேரு எதுக்கு அண்ணாச்சி?” என்றார்கள் அத்தை.

“நான்லா மொதல்ல பாத்தேன்!”

“பாத்ததுக்கெல்லாம் பேரா? ரொட்டிக் கடக்காரருந்தான் பாத்தாரு. அவரு பேரயும் போடுங்க.”

கோவில்பட்டி வரை இது நடந்தது. எதிர் பெர்த்தில் இருந்தவர் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

கடைசியில் என் பெயரையும் அத்தை பெயரையும் போடுவதாக முடிவானது. வீட்டுக்கு வந்து படிவத்தில் பேனாவை வைக்கப்போனேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா வந்தார், அவருக்கு வேம்பார் சொந்த ஊர். எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “இதுக்கா ஏளா டிவிக்குப் போனிய? எங்க ஊர்ல நாங்க கல்யாணத்துக்கு முன்னாலயே துண்டுல ஊக்கு…” என்று ஆரம்பித்தார். நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் ஜாரை ஐந்து நிமிடம் ஓட்டினேன்.

வேலையில் நான் கற்றது இதுதான்: ஒரு பொருளைச் சோதிக்கும்போது அதை மட்டும் சோதிக்காதீர்கள். நாளைக்கு அது எதன் பக்கத்தில் நிற்கப்போகிறது என்றும் கேளுங்கள். இதை நான் முன்பே கேட்டிருந்தால் கேட்டோடு நடந்திருக்க மாட்டேன்.

படிவம் இப்போது பீரோவின் மேல் இருக்கிறது. திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். “உண்மையான, முதல்” என்ற இரண்டு சொற்களுக்குக் கீழே என் கையெழுத்து வர வேண்டும். போட்டால் பன்னிரண்டு பேருக்கு வேலை இருக்கும். அது பொய்யா, பாதிப் பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், பெரிய எழுத்தில்.

நான் போடலாமா, வேண்டாமா? தயவுசெய்து எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். நீங்களும் துண்டில் ஊக்கு குத்திக்கொண்டு கடைக்குப் போனவராக இருந்தால், எந்த வருஷம் போனீர்கள் என்பதை மட்டும் எனக்குச் சொல்லிவிடாதீர்கள்.