ரதிக்குப் பிறந்த வீடு பங்களா

அன்று மாலை பங்களா வராந்தாவில் இருந்தவர்கள்: துரை, துரைசாணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், சீமையிலிருந்து வந்திருந்த துரையின் அம்மா, அப்பா, தோட்டத்துக் காமன் கூத்து மாஸ்டரான என் தகப்பனார், அப்புறம் சின்ன கிளாக்கராகிய நான். கொஞ்ச நேரத்தில் கல்யாணப் பெண்ணும் வந்து சேர்ந்தாள்.

இல்லாதவர் மாப்பிள்ளை மட்டும்தான். அவர் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம், எரிவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

பதறாதீர்கள். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ராகலைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு, பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று அந்தக் கிழத் தம்பதி கப்பலேறி வந்தார்கள். வந்து இரண்டு நாள் ஆகவில்லை. லயத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். துரையைப் பெற்றவர் ‘தாத்தா தொரை’. பெற்றவள் ‘அப்பத்தா தொரசாணி’. நம் சனங்கள் பெயர் வைப்பதில் தாமதிப்பார்களா என்ன?

அப்பத்தா துரைசாணிக்கு வீட்டில் கால் தரிக்காது. நுவரெலியா ஏரியில் படகு, ஹக்கலைத் தோட்டத்தில் பூ, அருவிக்கரையில் சாப்பாடு என்று நாள்தோறும் ஒரு பயணம். “மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும்” என்றார் துரை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். முதன்முதலாக ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவனும் நானே. சந்தோஷமாகப் போனேன். போன இடமெல்லாம் சாப்பாட்டுக் கூடையையும் நான்தான் தூக்கினேன் என்பதை இங்கே விட்டுவிடலாம்.

அருவிக்கரையில் ஒருநாள் அந்த அம்மாள் கேட்டார்: “எங்கள் ஊரில் இப்போது வசந்தம் பிறக்கும். உங்களுக்கு வசந்தம் உண்டா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வசந்தம் இல்லாத ஊரா நம்முடையது? “வசந்தத்துக்கு ராஜாவே எங்களிடம் உண்டு, மேடம். அடுத்த வாரம் எங்கள் லயத்தில் அவருக்குக் கல்யாணம்” என்றேன்.

“அப்படியா! நாங்கள் வரலாமா?”

கல்யாணத்துக்கு வரட்டுமா என்று கேட்பவரை வேண்டாம் என்று சொல்லத் தமிழன் நாக்கில் இடமிருக்கிறதா? “வாருங்கள்” என்றேன்.

செய்தியைக் கேட்டு அப்பா தலையில் கை வைத்தார். “ஏன்டா, உன்னைப் படிக்க வச்சது ஊருக்கெல்லாம் பாக்கு வைக்கவா? அந்தம்மாவ எங்க உக்கார வைக்கிறது? சாக்குலயா?”

ஆனால் அதில் ஒரு லாபமும் இருந்தது. துரைக்குக் காமன் கூத்து என்றாலே ஆகாது. கூத்து நடந்த மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் போடும் பெரட்டில் பாதி ஆள் இருக்காது என்பது அவருடைய வருஷாந்தரக் குறை. இந்தத் தடவை அம்மாவே பார்க்க ஆசைப்படுகிறாள் என்றதும் வாயை மூடிக்கொண்டு அனுமதி கொடுத்தார்.

காமன் கதை வாசகர்களுக்குத் தெரியாததல்ல. தவத்தில் இருந்த சிவன் மீது மன்மதன் பூவம்பு விடுகிறான், சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார், மன்மதன் சாம்பல். ரதி அழுது வரம் வாங்கி, மூன்றாம் நாள் புருஷனை எழுப்பிக் கொள்கிறாள். எங்கள் தோட்டத்தில் கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் எல்லாம் சேர்த்துக் கட்டி மாசிப் பிறை பார்த்து ஒரு கம்பம் ஊன்றுவோம். அந்தக் கம்பம்தான் காமன். சாயங்காலம் ரதி மதன் கல்யாணம், விடிவதற்குள் கம்பத்துக்குத் தீ. ஊன்றிய கம்பம் எரிந்தே ஆக வேண்டும். எரியாமல் நின்றால் மழை பெய்யாது, கொழுந்து கருகும், பிள்ளைகளுக்கு நோய் வரும்... இதில் எதை நம்புவது எதை விடுவது என்று படித்தவன் என்னைக் கேட்காதீர்கள். மாசி வெயிலில் கருகிக் கிடந்த கொழுந்தை நானும் பார்த்தேன். எனக்கும் பயம்தான்.

கல்யாண நாள் வந்தது. மதனாகத் தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு பையன். ரதி, செல்லமுத்து அண்ணன். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர்; தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி வெட்டி உரமேறிய கை. வருஷம் முழுக்க வளர்க்கும் மீசையை மாசியில் மழித்துவிட்டு, சேலை கட்டி, கண்ணுக்கு மை தீட்டி நின்றாரானால்... அழகிதான், கையை மட்டும் பார்க்கக் கூடாது.

வழக்கமாக ரதிக்குப் பிறந்த வீடாக நிற்பது பெரிய கங்காணியின் மனைவி. அவர் மகள் பிரசவத்துக்கென்று ஹட்டனுக்குப் போயிருந்தார். “பொண்ணு வீட்டுக்காரங்க யாருங்க?” என்று அப்பா இரண்டு தரம் கூவினார். லயத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண் வீடு என்றால் சும்மாவா? செலவு இருக்கிறதே!

அந்த நேரம் பார்த்து மலை இறங்கி ஒரு ஊதல் காற்று வந்தது. மெல்லிய சேலையில் செல்லமுத்து அண்ணன் வெடவெடத்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பத்தா துரைசாணி எழுந்தார். தம்முடைய கம்பளிச் சால்வையைக் கழற்றினார். ரதியின் தோளில் போர்த்தினார்.

அவர் போர்த்தியது குளிருக்கு. நம் சனங்களுக்கு அது சீர்!

பெண்கள் குலவை போட்டார்கள் பாருங்கள், காது அடைத்தது. தப்பு முழங்கியது. மணமேடையில் நிற்கும் பெண்ணுக்குத் துணி போர்த்தியவள் பிறந்த வீட்டுக்காரி. இதற்கு மேல் அப்பீல் கிடையாது. பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த அம்மாளின் காலில் விழுந்தார்கள்.

“என்ன நடக்கிறது?” என்றார் என்னிடம்.

“நீங்கள் பெண்ணுக்குத் தாயாகிவிட்டீர்கள், மேடம்.”

அவர் முகம் சிவந்தது. கோபமோ என்று நடுங்கினேன். இல்லை, பெருமை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண்ணின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பங்களாவுக்குத் திரும்பும் வரைக்கும் அவர் மூக்கு நுனியில் செல்லமுத்து அண்ணனின் அரிதாரம் இருந்தது. சொல்ல யாருக்குத் தைரியம்?

வராந்தாவில் தேநீர். அப்பாவையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தூணோரம் நின்றார். கிழவி உற்சாகமாகக் கேட்டார்: “கல்யாணம் முடிந்தது. இனி என்ன?”

நான் நேர்மையாகப் பதில் சொல்பவன். “விடிவதற்குள் மாப்பிள்ளையை எரித்துவிடுவார்கள், மேடம்” என்றேன்.

மீதியைச் சொல்ல மூச்சு இழுத்தேன். இழுத்ததுதான் தாமதம்...

“எரிப்பதா?” கோப்பை சாசரில் மோதியது. “கல்யாணம் ஆன இரவிலேயே என் பெண் விதவையாவதா?”

“நாடகம்தானே, அம்மா. எரிவது ஒரு கம்பம்” என்றார் துரைசாணி.

“நாடகமாகவே இருக்கட்டும்! என்னைத் தாய் என்று நிறுத்தினார்கள். தாய் சம்மதிக்க மாட்டாள்.”

துரை முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த சாக்கு! அப்பா பக்கம் திரும்பித் தம்முடைய தமிழில் சொன்னார்: “பெரியம்மா வேண்டாம் சொல்லுது. நெருப்பு இல்லே. எல்லா ஆள் தூங்கு. காலையிலே பெரட்டு.”

அப்பாவின் முகம் செத்துப்போனது. “தொரை... ஊனுன கம்பம்ங்க. எரிக்காம வுடக்கூடாதுங்க.”

“நெருப்பு இல்லே.”

“சார்...” என்றேன் நான்.

“கிளாக்கர், போதும்!”

தொண்டையில் ஒரே ஒரு வாக்கியம் நிற்கிறது: ‘மூன்றாம் நாள் உயிரோடு வந்துவிடுவார்.’ அதைச் சொல்ல விட மாட்டேன் என்கிறார்கள்! போதும் என்று துரை சொன்ன பிறகு வாய் திறந்த கிளாக்கர் மறுநாள் எந்த நாற்காலியில் உட்காருவான்? எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்பம் எரிய வேண்டும். என் வேலை எரியக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் சும்மா நின்றேன்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். “இம்புட்டு இங்கிலீசு படிச்சியே... நெருப்பு வைக்கிற மாதிரி ஒரு வார்த்தை அதுல இல்லியாடா?” என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

போனவர் சும்மா வரவில்லை. கல்யாணப் பெண்ணோடு வந்தார்.

செல்லமுத்து அண்ணன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, சால்வையோடு அப்பத்தா துரைசாணியின் காலில் தடாலென்று விழுந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். தாத்தா துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

“ஆத்தா! என்னைப் பெத்தவளே! என் புருசனை எரிக்க வுடுங்க ஆத்தா!”

“என்ன சொல்கிறாள்?” என்றார் கிழவி.

துரையைப் பார்த்தேன். அவர் தமிழ் கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் திட்டுவதற்கும் போதும். ரதியின் துயரத்துக்குப் போதாது. அவரும் விழித்தார். வேறு வழியின்றி “சொல்” என்று எனக்குத் தலையசைத்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கிளாக்கர் தன் பேச்சைப் பேசக் கூடாது. ஆனால் ரதியின் பேச்சைப் பேசலாமே!

“தன் கணவனை எரிக்க அனுமதி கேட்கிறாள், மேடம்.”

“கடவுளே! இவள் என்ன பெண்?”

செல்லமுத்து அண்ணனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. “எரிஞ்சாத்தானே ஆத்தா மூணாம் நாளு எந்திரிச்சு வருவாரு? எரிக்காம நிறுத்துனா மனுசன் எப்புடித் திரும்பி வருவாரு? நான் பொண்டாட்டியும் இல்லாம, அறுதலியும் இல்லாம, இந்தக் குளிருல எத்தனை நாளைக்கு இந்தச் சீலையோட நிக்கிறது? எம் பொண்டாட்டி வேற ஏசுறா ஆத்தா!”

கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன். மூன்றாம் நாளைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

கிழவி நிமிர்ந்து உட்கார்ந்தார். “மூன்றாம் நாளா?”

“ஆமாம், மேடம். உயிரோடு.”

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் அவரைப் பார்த்தார். “நம் ஊர்ப் பாதிரியார் வசந்தத்தில் ஈஸ்டர் வந்தால் வருஷா வருஷம் இதைத்தானே சொல்கிறார், மார்கரெட்” என்றார் தாத்தா துரை.

அந்த அம்மாள் ரதியை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை, அண்ணன் தானாக எழுந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பையா, இதை நீ ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

நான் துரையைப் பார்த்தேன்.

அம்மாள் மகனிடம் சொன்னார்: “அந்த மாப்பிள்ளை வழியில் நீ குறுக்கே நிற்காதே.”

துரை தோற்றார். ஆனால் துரையல்லவா? “பெரட்டு மாத்திரம் தப்பக் கூடாது!” என்றார்.

“ஒரு ஆளு குறையாதுங்க தொரை” என்றார் அப்பா.

விடிவதற்குச் சற்று முன் கம்பம் எரிந்தது. கம்பளிக்குள் சுருண்டுகொண்டு கிழத் தம்பதி வந்திருந்தார்கள். கரும்பு வெடித்துத் தீ மேலே போனபோது பெண்கள் ஒப்பாரி வைத்து, பெண்ணைப் பெற்றவள் என்று அப்பத்தா துரைசாணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை புரியாமல் அவரும் நிஜமாகவே அழுதார்.

அழுது முடித்ததும்தான் அடுத்த வழக்கம் ஞாபகம் வந்தது. புருஷனை இழந்தவளுக்குக் கோடிச் சீலை பிறந்த வீடு போட வேண்டும், வெள்ளையில். பங்களாவில் சேலைக்கு எங்கே போவது? அந்த அம்மாள் தயங்கவேயில்லை. மருமகளுக்கென்று சீமையிலிருந்து கொண்டுவந்த புது மேசைவிரிப்பை எடுத்துவரச் சொன்னார். துரைசாணியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவுமில்லை.

பெரட்டு மணி அடித்தது. அப்பா சொன்னபடி ஒரு ஆள் குறையவில்லை. முன்வரிசையில் செல்லமுத்து அண்ணன். கண்ணில் மை கலையாமல், கையில் கவ்வாத்துக் கத்தியோடு. விதவையாகி அரை மணி நேரம்கூட ஆகாத பெண் வேலைக்கு வந்து நின்றதை வேறெந்தத் தேசத்திலாவது கண்டதுண்டா? துரை குனிந்து அவருக்கும் பெயர் போட்டார்.

மூன்றாம் நாள் மன்மதன் எழுந்தார். எழுந்தவருக்கு விருந்தும் பிறந்த வீட்டுச் செலவுதானே! அரிசி, பருப்பு, வெல்லம், தப்புக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு, ரதிக்கு வண்ணச் சேலை எல்லாம் ராகலைக் கடையிலிருந்து வந்தன. அப்பத்தா துரைசாணி இலை போட்டு உட்கார்ந்து, கையாலேயே சாப்பிட்டார்.

மழையா? அது வர இன்னும் பல நாள் ஆயிற்று. வந்தபோது, காமன் கொண்டுவந்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். துரையும் மறுக்கவில்லை.

கப்பலுக்குக் கிளம்புமுன் தாத்தா துரை ஆபீசுக்கு வந்து, “பெண்ணைக் கட்டிக்கொடுத்ததில் எங்களுக்கு என்ன செலவு?” என்றார். சால்வையும் மேசைவிரிப்பும் நீங்கலாகக் கூட்டிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“எங்கள் சொந்த மகளுக்கு இதைப்போல் பத்து மடங்கு ஆனது. அந்தச் சோம்பேறி மாப்பிள்ளை இன்றுவரை படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை” என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

மொத்தம், ஐம்பத்திரண்டு ரூபா நாற்பது சதம்.