எப்போதும் போல மூச்சு விடுங்கள்

ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அடுத்தவர் மூச்சுதான் பிழைப்பு. என்னைப் போல கூச்ச சுபாவம் உள்ளவராக இருந்தால் அது எவ்வளவு குழப்பமான பிழைப்பு என்று உங்களுக்கே தெரியும்.

நிறுத்துங்க

திருத்தணியில் நான் வேலை பார்க்கும் எம்.ஆர்.ஐ. மையத்துக்குப் பள்ளிப்பட்டிலிருந்து கோவிந்தன் ஐயாவும் அவர் மனைவி குப்பம்மாவும் வந்தார்கள். அவருக்குக் கல்லீரலில் கட்டி. சிகிச்சை முடிந்திருந்தது. கட்டிக்கு இன்னும் ரத்தம் ஓடினால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சை அடக்கினால்தான் படம் தெளிவாக வரும். மைக்கில் நான் நிறுத்தச் சொன்னபோது அவர் விட்டார். விடச் சொன்னபோது நிறுத்தினார். எல்லாப் படமும் கலங்கல். விஷயம் தெரிந்ததும் குப்பம்மா அவரை முறைத்தார். "வூட்லதான் யார் பேச்சும் கேக்கறதில்ல, இங்க வந்துமா?"

எப்பவும் போல

அடுத்த வாரம் எங்கள் மெஷினில் புது முறை வந்தது. மூச்சை அடக்கவே வேண்டாம். ஊசி வழியாக மருந்து ஏற்றி, அது கல்லீரலுக்குள் பரவுவதை ஐந்து நிமிடம் விடாமல் படம் எடுக்கும். மூச்சின் அசைவை மெஷினே சரிசெய்துகொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று எண்ணாகவே தந்துவிடும்.

அவரைத் திரும்ப வரவழைத்தோம். பக்கத்தில் நின்று, "எப்பவும் போல மூச்சு விடுங்க ஐயா, போதும்" என்றேன். மனிதர் திணறிப்போனார். ஒரு மூச்சு மலைப்படி ஏறுகிறவர் மாதிரி, அடுத்தது ஒளிந்து நிற்கிறவர் மாதிரி. செய்து காட்டலாம் என்று பார்த்தால் எனக்கும் தாறுமாறாக வந்தது. "எப்பவும் போலன்னா எப்டிம்மா? எப்பவும் நான் அத பாத்துகினா இருந்தேன்?"

பழக்கதோஷம்

மருந்து ஏறி இரண்டாவது நிமிடம், என் வாய் தானாக மைக்கில் "மூச்சைப் பிடிச்சுக்கோங்க" என்றது. அன்றைக்கு மறுபடி மருந்து ஏற்ற முடியாது. அவர் அடக்கி, திணறி, இருமினால் எல்லாம் போச்சு. திருத்திச் சொன்னால் இன்னும் குழம்புவாரோ என்று மைக்கை அணைத்துவிட்டேன். திரையில் அவருடைய மூச்சுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு ஏறி இறங்கியது, கடைசிவரை.

படம் பளிச்சென்று வந்தது. அவரிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். "நீ இன்னா சொன்னே? போன வாட்டியும் சேத்து, மெஷினுக்குள்ள பூந்தப்பறம் உன் கொரல் ஒரு வார்த்தகூட கேக்கலம்மா. பாவம், பொண்ணு வெக்கப்படுதேன்னு நான்தான் சொல்லல."

ரிசல்ட்

கட்டிக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது, ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். குப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இத மொத வாட்டியே சொல்லியிருந்தா ஒரு வாரம் ஒழுங்கா தூங்கியிருப்பேனே, பாப்பா?"

அந்த நல்ல படம் என் வேலையால் வந்ததா, என் வேலை அவர் காதில் விழாததால் வந்ததா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.